பின்பலகை எண்

படகை விட்டுவிட்டுப் போகிறவர்களை மூக்கருக்குக் கண்ணிலேயே காணப் பிடிக்காது. திருடனையாவது வயிற்றுப் பாட்டுக்குச் செய்தான் என்று விட்டுவிடுவார். பத்து வருஷம் சோறு போட்ட படகை ஓடையில் மூழ்க விட்டுவிட்டு, புயல்மேல் பழியைப் போட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவனை மட்டும் மனிதனாகச் சேர்க்கவே மாட்டார்.

புயல் அடித்து நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவரும் அவருடைய கிரேன் மிதவையும் ஓடை ஓடையாகப் போய் முப்பத்தொரு படகுகளைத் தூக்கிவிட்டார்கள். முப்பத்தொன்றின் வயிற்றிலிருந்து வந்த நாற்றத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வார். இது ஐஸ் பெட்டியில் அழுகிய இரை மீன், இது கழிவறைத் தொட்டி, இது பேட்டரித் தண்ணீர், இது செத்த எலி. சின்ன வயதிலிருந்தே இப்படி வாடை பிரித்துச் சொல்வதால் வந்ததுதான் இந்தப் பட்டப்பெயர். மற்றபடி அவருக்கு இருப்பது சாதாரண மூக்கு. அதைச் சுளித்துச் சுளித்து இரண்டு பக்கமும் கோடு விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேலை இப்படி நடக்கும். டைவர் கீழே போய்ப் படகின் அடியில் பட்டை கோத்துவிட்டு வருவான். கிரேன்காரர் மெல்லத் தூக்குவார். படகின் விளிம்பு வெளியே தெரிந்ததும் தண்ணீரை பம்பு வைத்து இறைப்பார்கள். படகை நசுக்கித் தூளாக்குகிற இன்னொரு மிதவைக்கு அனுப்புவதற்குமுன் பின்பலகையைத் தேய்த்து, அங்கே ஆணி அடித்திருக்கும் தகட்டில் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் ரேடியோவில் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். அங்கே இருக்கிற எழுத்தரம்மா ஏட்டைப் புரட்டி, படகு யார் பேரில் இருக்கிறது என்று திருப்பிப் படிப்பார்.

முன்பெல்லாம் எண்ணைச் சீட்டில் எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். சீட்டு மேஜைக்குள் போகும், மேஜைக்குள்ளேயே தூங்கும். ரேடியோவில், அதுவும் எல்லோரும் கேட்கிற அலைவரிசையில் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மூக்கர்தான். இழுவைப் படகு, பயணிகள் படகு, மணல் படகு என்று தண்ணீர்மேல் இருக்கிற ஒவ்வொருவர் காதிலும் அந்தப் பெயர் விழ வேண்டும். "வெக்கப்படட்டும். அப்பவாவது புத்தி வருதான்னு பாப்போம்" என்றார். பெயர் படித்த மறுநாள் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டிவிடுவார்கள். அதில் ஏறியவன் அஞ்சு வருஷத்துக்குத் தண்ணீர்மேல் ஒரு வேலையும் பார்க்கக் கூடாது. உரிமம் கிடையாது, கூலிக்குக் கயிறு பிடிக்கக்கூட ஆள் எடுக்க மாட்டார்கள். அதுவும் மூக்கர் எழுதிப்போட்டு வாங்கிய விதிதான்.

எண் தெரியாவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. "உரியவர் தெரியவில்லை" என்ற பத்தியில் போட்டுவிட்டு நசுக்கிவிடுவார்கள். அப்படி ஒன்பது படகுகள் போய்விட்டன. சில கில்லாடிகள் படகைக் கைவிடுவதற்குமுன் அரத்தால் எண்ணைத் தேய்த்துவிடுவார்கள். அந்த மாதிரித் தகட்டைப் பார்க்கிற அன்றைக்கு மூக்கருக்குச் சோறு இறங்காது.

அன்று காலை, மிதவை கிளம்புவதற்குமுன் துறையில் ஒரு பெண் வந்து காத்திருந்தாள். சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் வீட்டுக்காரர் பயணிகள் படகு ஓட்டுகிறவர், அதாவது முந்தாநாள் வரைக்கும் ஓட்டியவர். முந்தாநாள்தான் அவர் பெயரை ரேடியோவில் படித்திருந்தார்கள்.

"அண்ணே, அந்தப் படகை நாங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்" என்றாள். "சும்மாதான் குடுத்தோம். காயிதம் மாத்திக்கறேன்னு சொல்லிட்டுப் போனவரு வரவே இல்ல."

"படகைக் குடுத்தீங்க. பேரை யாரும்மா குடுப்பாங்க?"

"அவரு எங்க இருக்காருன்னே தெரியல அண்ணே."

"எங்க இருக்கான்னு தெரியாதவன்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

அவள் உள்ளதைச் சொன்னாள். "ஓட்டையா இருந்துச்சு. எடுத்துட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு அண்ணே."

மூக்கருக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த ஒரு வார்த்தைதான், எடுத்துட்டுப் போனாப் போதும். ஓடை முழுக்க நாறிக்கிடப்பதற்குக் காரணமே இந்த வார்த்தைதான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவளைக் கேட்டார். துறையில் நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள். "உங்க வீட்டுக் குப்பையை அடுத்தவன் தலையில கட்டிட்டு, அவன் தண்ணில கொட்டினதும் எனக்குத் தெரியாதுன்னு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கே அசிங்கமா இல்ல?" அவள் அழுதிருந்தால்கூட அவர் நிறுத்தியிருப்பார். அவள் அழவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

"கொஞ்சம் பாத்துப் பேசியிருக்கலாம் மாமா" என்றான் டைவர்.

டைவர் அவருடைய மருமகன். மகள் தானே பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை. நல்ல நுரையீரல், நல்ல குணம், ஆனால் வேலையில் ஒரு பொறுப்புக் கிடையாது என்பது மாமனாரின் தீர்ப்பு. எண் தெரியவில்லை என்று கணக்கில் போன ஒன்பது படகுகளிலும், கீழே தடவிப் பார்த்து "தேஞ்சு போச்சு" என்று சொன்னது இவன்தான். மேலே தூக்கியதும் தேய்த்துப் பார்த்தால் நிஜமாகவே தேய்ந்துதான் இருக்கும். என்றாலும் மூக்கருக்கு மனசு ஆறாது.

"நீ உன் வேலையப் பாரு மாப்ள" என்றார்.

முப்பத்திரண்டாவது படகு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடை திரும்புகிற இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. மேல் அறையை யாரோ ரம்பம் வைத்து அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்ஜின் இல்லை. விளிம்பு முழுக்க, கண்றாவியான பச்சை பெயின்ட். புயலில் மூழ்கிய படகு இல்லை இது, அது பார்த்தாலே தெரிந்தது. உள்பக்கப் பலகை வரைக்கும் சிப்பி ஏறியிருந்தது. உள்ளே சிப்பி ஏற வருஷக்கணக்கில் ஆகும். புயலுக்கு முன்பே செத்த படகு. புயல் வந்ததும் எல்லாக் குப்பையோடும் சேர்த்து இதையும் சர்க்கார் தலையில் கட்டிவிட்டான் எவனோ.

"அயோக்கியப் பய" என்றார் மூக்கர், அவன் யார் என்று தெரியாமலேயே.

மருமகன் பத்து மணிக்கு இறங்கினான். வழக்கத்தைவிட அதிக நேரம் கீழே இருந்தான். மேலே வந்தபோது தலை முதல் கால் வரை கறுப்புக் கூழ். வாய்க்குழாயை எடுத்துவிட்டு இரண்டு மூன்று தடவை துப்பினான்.

"பட்டை போட்டாச்சு."

"எண்?"

"தேஞ்சு போச்சு மாமா. தடவிப் பாத்தேன். மொழுமொழுன்னு இருக்கு."

பத்தாவது. மூக்கர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கிரேன் முனகியது, பட்டை இறுகியது, படகு சேற்றை விட்டுப் பிரிந்து வர மனசில்லாமல் வந்தது. விளிம்பு முழுதும் மேலே வந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் ஓட்டை வழியாக ஊற்றத் தொடங்கியது. அக்கம்பக்கத்து ஆட்கள் வருஷக்கணக்கில் இந்தப் படகைக் குப்பைத் தொட்டியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் துணிகள் ஊதிப்போய் உருண்டு வந்தன. ஒரு மெத்தை வந்தது, அதன் பஞ்சுக்குள் நண்டுகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கோழிக் கழிவு மூட்டை ஒன்று விளிம்பில் மாட்டிக் கிழிந்து, வெளுத்த கொழுப்பும் தோலுமாகத் தண்ணீரில் விரிந்தது. இத்தனைக்கும் மேலே டீசல் படலம் வானவில் நிறத்தில் மின்னிக்கொண்டு பரவியது. அந்த அழகுதான் மூக்கருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. பம்பு ஓடி முடிகிறவரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்படியே நசுக்குற மிதவைல வச்சிடவா அண்ணே?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார் கிரேன்காரர். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, அவருக்குப் பசி. இந்த நாற்றத்தின் நடுவிலும் மூன்றடுக்கு டப்பாவைத் திறந்து ரசித்துச் சாப்பிடக்கூடிய மனிதர். "மாப்ளதான் பாத்துட்டாரே."

"இரு" என்றார் மூக்கர். கம்பி பிரஷ்ஷையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் பூட்ஸை மாட்டினார்.

மருமகன் குறுக்கே வந்தான். "நீங்க இறங்காதீங்க மாமா. டேங்க் உடைஞ்சிருக்கு. நாத்தம் தாங்க மாட்டீங்க."

"எனக்கு நாத்தத்தைப் பத்திச் சொல்லித் தர்றியா நீ?"

"இல்ல மாமா. நான் போய் இன்னொரு தடவை பாத்துட்டு வர்றேன். பிரஷ்ஷைக் குடுங்க."

முப்பத்தொரு படகில் ஒரு தடவைகூட இப்படித் தானாக முன்வந்ததில்லை. வேலையைச் சரியாகச் செய்யாமல் வந்துவிட்டு, மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறான் என்று மூக்கர் முடிவு கட்டினார். "தள்ளு" என்று ஒரே வார்த்தையில் அவனைத் தள்ளிவிட்டு ஏணி வழியாகப் படகுக்குள் இறங்கினார்.

முழங்கால் வரைக்கும் சேறு. ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே போய், உறிஞ்சுகிற சத்தத்தோடு வெளியே வந்தது. பூட்ஸின் மேல் வழியாக ஏதோ வழுவழுப்பாக உள்ளே இறங்கிப் பாதத்தை நனைத்தது. அது என்ன என்று அவர் யோசிக்க விரும்பவில்லை. பின்பலகையை அடைந்து குனிந்தார். சிப்பியைப் பாதி ஏற்கெனவே யாரோ பெயர்த்திருந்தார்கள், மிச்சத்தை அவர் சுரண்டி எடுத்தார். அடியில் பச்சை பெயின்ட், அதற்கும் அடியில் தகடு. பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்ததும் எண் பளிச்சென்று வந்தது. மொழுமொழுவென்றும் இல்லை, தேயவும் இல்லை. நகம் வைத்தால் இறங்குகிற அளவு ஆழமாக அடித்த எண்.

நாலு, ஒன்று, ஏழு, ஆறு.

மருமகன் பொய் சொல்லியிருக்கிறான் என்ற கோபம்தான் முதலில் வந்தது. நிமிர்ந்து கத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அந்த எண் அவருக்குத் தெரியும். இந்தப் படகின் முதுகில் உட்கார்ந்துதான் பன்னிரண்டு வருஷம் பிழைத்தார். இந்த விளிம்பிலிருந்து குதித்துத்தான் மருமகன், மருமகனாவதற்கு முன்னால், முக்குளிக்கக் கற்றுக்கொண்டான். மேல் அறையும் பழைய வெள்ளை நிறமும் இருந்திருந்தால் தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். கறுப்புத் தண்ணீருக்குள் அவன் விரலுக்கு இந்த நாலு எண்ணும் தட்டுப்பட்டபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

எட்டு வருஷம் முன்னால் கொடுத்துவிட்டார். இன்ஜின் போய்விட்டது, அடிப்பலகை மக்கிவிட்டது, நிறுத்தி வைக்கிற இடத்துக்கு வாடகை வேறு. சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தன் வந்து, "இப்படியே குடுத்தா எடுத்துக்கறேன், நாளைக்கு வந்து பேர் மாத்திக்கறேன்" என்றான். மூக்கர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவன் நாளைக்கு வரவில்லை. மூக்கரும் தேடவில்லை. தேடினால் எங்கே திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. படகு போய்த் தொலைந்ததில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் படகுத்துறைக்குப் பின்னால் அது பாதி மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வழி சேறாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு வேறு வழியாக நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அதை நிஜமாகவே மறந்தும்போனார். பிறகு ஏதோ ஒரு மழை வெள்ளம்தான் அதை இங்கே இழுத்துக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும்.

நாலு மாதமாக எந்தப் படகிலும் வாந்தி எடுக்காத மனிதர், தன் பழைய படகின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பட்டியல் கண்முன்னால் வந்தது. அலுவலக வாசல். அஞ்சு வருஷம். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அஞ்சு வருஷம் கழித்து யார் அவரைத் தண்ணீர்மேல் ஏற்றப் போகிறார்கள்? இந்த மிதவை போய்விடும். எத்தனை பேரை நடு ஓடையில் வைத்து மானத்தை வாங்கினாரோ அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். காலையில் வந்த பெண் சிரிக்க மாட்டாள். அது இன்னும் மோசம்.

என்ன செய்கிறோம் என்று முழுதாக யோசிக்கவில்லை. கையில் சுரண்டி இருந்தது. தகட்டின் மேல் வைத்து அழுத்தி இழுத்தார். ஏழு போயிற்று. திரும்ப இழுத்தார். ஆறு பாதி போய், பிறகு முழுதும் போயிற்று. சுரண்டிய இடம் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் எத்தனை முறை காறித் துப்பியிருக்கிறார். இப்போது அது அவர் கையாலேயே வந்தது.

நிமிர்ந்தால் மருமகன் ஏணியில் பாதி தூரம் இறங்கி நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"விடுங்க மாமா" என்றான் மெதுவாக, கிரேன்காரருக்குக் கேட்காமல். "நானே கீழ வச்சு முடிச்சிருக்கணும். இன்னைக்குன்னு பாத்து அரத்தை மேலயே வச்சிட்டுப் போயிட்டேன்."

"அரமா?"

"ம்."

மூக்கருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அந்த ஒம்பதும்..."

"ஏழுதான். ரெண்டு நெசமாவே தேஞ்சிருந்துச்சு." சமாதானம் சொல்கிற குரலில்தான் சொன்னான். "எல்லாம் கஷ்டப்பட்டவங்க மாமா, எண்ணைத் தடவினாலே யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். யாருக்கோ குடுத்துட்டு மாட்டிக்கிட்டவங்க. காலைல வந்துச்சே, அந்த அக்காவோட படகையும் தேச்சிருப்பேன். பட்டை கோக்கவே அன்னைக்குத் தகராறாப் போச்சு, நேரமே கிடைக்கல. மேல வந்த பிறகு நீங்க நகரவே இல்ல. இப்ப ஒண்ணும் ஆகல, மேல வாங்க. யாருக்கும் தெரியாது."

மாமனார்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை. அதைத்தான் மூக்கரால் தாங்க முடியவில்லை. அரம் வைத்திருந்ததற்காக அவனைக் கழுத்தைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? ஏழு பேருக்கு அவன் இரக்கப்பட்டிருக்கிறான். இப்போது எட்டாவதாக அவருக்கும் இரக்கப்படுகிறான். அவனிடம் இரக்கம் கேட்டு அந்தப் பெண் வரவில்லை, அவரிடம்தான் வந்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டு, வசவை வாங்கிக்கொண்டு போனாள். அவர் உள்ளதைக்கூடச் சொல்லாமல் தகட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். தன் உடம்பிலிருந்தே ஒரு வாடை கிளம்பி வருவதுபோல அவருக்குத் தோன்றியது. சேற்று வாடை எது, தன் வாடை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேலே ஏறி வந்தார். கிரேன்காரர் கீழே இறங்கி, கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துவிட்டிருந்தார். ரேடியோ கரகரத்தது.

"முப்பத்திரண்டாவது படகு. எண் சொல்லுங்க ஐயா" என்றார் எழுத்தரம்மா.

மூக்கர் ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். "நாலு. ஒண்ணு." நிறுத்தினார்.

"நாலு, ஒண்ணு. மிச்சம்?"

பொத்தானை விட்டுவிட்டார். மருமகன் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரேடியோவின் மறுபக்கம் எழுத்தரம்மா பேனாவால் மேஜையைத் தட்டுவது கேட்டது.

"கடைசி ரெண்டும் தெரியலையா ஐயா? அப்ப உரியவர் தெரியவில்லைன்னு போட்டுக்கறேன். சாப்பாட்டு நேரம் வேற ஆயிடுச்சு."

எவ்வளவு சுலபம். அவர் ஒன்றும் பேச வேண்டியதுகூட இல்லை. சும்மா நின்றால் போதும், எழுத்தரம்மா எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எடுத்துட்டுப் போனாப் போதும்.

பொத்தானை அழுத்தினார். "ஏழு. ஆறு."

"தகடு தெளிவாத் தெரியுதா ஐயா?"

"தெரியல. சுரண்டியிருக்கு. எண் எனக்குத் தெரியும்."

"அது எப்படிங்க..."

"ரெண்டாவது தடவை படிக்கிறேன், எழுதிக்கோம்மா. நாலு, ஒண்ணு, ஏழு, ஆறு. பேரைப் படி."

ஏடு புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எழுத்தரம்மா "ஐயா" என்று ஆரம்பித்தார், மேலே சொல்லவில்லை.

"படிம்மா. எல்லாருக்கும் படிக்கிற மாதிரிப் படி."

எழுத்தரம்மா படித்தார். முதலில் அப்பா பெயர், பிறகு தெரு, வீட்டு எண், கடைசியில் பெயர். இழுவைப் படகுகளிலும் பயணிகள் படகுகளிலும் மணல் படகுகளிலும் அந்தப் பெயர் போய் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. மருமகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கிரேன்காரர் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "உள்ளூர்க் கழுதைதான் போல. தெரு நம்ம பக்கமா இருக்கே. யாருண்ணே அது?"

"நான்தான்" என்றார் மூக்கர். ரேடியோவை அதன் கொக்கியில் மாட்டினார். "பட்டியலை நாளைக்குத்தான் ஒட்டுவாங்க. நீ சாப்பிட்டு முடி, இதை நானே இருந்து தூக்கி வச்சிட்டுப் போறேன்."